புள்ளி விழாத பக்கங்கள்

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்ட மாட்டேன், விட மாட்டேன், என்னைப் பற்றி நல்லதை மட்டும் எழுத மாட்டேன். இந்த விதிகளை எனக்கு நானே போட்டுக்கொண்டு இன்று தொடங்குகிறேன். க. நன்முல்லை, ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு, எல்லீஸ் நகர், மதுரை.

இதற்கென்று டைரி வாங்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருபக்கத் தாளுக்குப் பஞ்சமே கிடையாது. முன்பக்கம் அச்சாகி, பின்பக்கம் வெறுமையாக இருக்கும் தாள்கள். அம்மா புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறாள். அதாவது, ஒரு புத்தகம் அச்சகத்துக்குப் போவதற்கு முன் அதை எழுத்து எழுத்தாகப் படித்து, பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்துவது. கணினியில் படித்தால் அவளுக்குப் பிழை பிடிபடாது. "திரையில எல்லாமே சரியா இருக்குற மாதிரி நடிக்கும்டி. தாள்ல வந்தாத்தான் உண்மையச் சொல்லும்" என்பாள். அதனால் பதிப்பகத்திலிருந்து பக்கங்கள் வந்ததும் வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துவிடுவோம். பிரிண்டர் கூடத்தில், மூடிய தையல் மிஷின் மேல் இருக்கிறது. தாள் வைப்பது, மை தீர்ந்தால் கார்ட்ரிஜ் மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு.

இப்போது வந்திருப்பது கிணறுகளைப் பற்றிய புத்தகம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எழுதியது. நானூறு பக்கத்துக்கு மேல். பழைய எழுத்துருவில் அடித்ததைப் புதியதற்கு மாற்றியபோது நிறைய எழுத்துகளின் தலையிலிருந்து புள்ளி உதிர்ந்துவிட்டது. 'மண் சுவர்' என்பது 'மண சுவர்' என்று இருக்கிறது. கல்யாணச் சுவர்! 'பல் போன கிழவர்', 'பல போன கிழவர்' ஆகிவிட்டார். உதிர்ந்த புள்ளிகளையெல்லாம் அம்மா திரும்ப வைக்க வேண்டும்.

புள்ளி வைத்த எழுத்துக்கு மெய் என்று பெயர். உண்மைக்கும் அதே பெயர்தான். உடம்புக்கும் அதே பெயர்தான். (இது நானாகக் கண்டுபிடித்ததல்ல, வகுப்பில் சொன்னார்கள்.) என் பெயரில் இரண்டு புள்ளிகள் உண்டு. அம்மாவின் பெயரில் ஒன்றுகூட இல்லை: வசுமதி.

அந்தப் பெயர் இந்தப் புத்தகத்தில் வரப்போகிறது. நான் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அம்மா மெய்ப்புப் பார்க்கிறாள். எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. இந்த முறை பதிப்பக ஐயா போனில், "உள்பக்கத்துல 'மெய்ப்பு: வசுமதி'ன்னு போடப்போறோம்மா. இது நல்லபடியா வந்துட்டா, இனி நம்ம புத்தகம் எல்லாத்துக்கும் நீங்கதான்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று கேசரி கிண்டினாள். அவளுக்குச் சுகர் இருப்பதால் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவார். இந்த ஞாயிறு அவர் வரும் ஞாயிறு அல்ல.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை.

"முல்லை, மிஷின்ல புள்ளி விழுக மாட்டேங்குது. மை தீந்துபோச்சு போல, பாரு."

கணினியில் பார்த்தேன். கறுப்பு இன்னும் பாதி இருப்பதாகக் காட்டியது. சொன்னேன்.

"அது கெடக்கு. கண்ணால பாக்குறேன்ல, விழுகலன்னா விழுகல."

கார்ட்ரிஜ் மாற்றுவதில் எனக்குப் பிடித்தது, மூடியைத் திறந்ததும் மைப்பெட்டிகள் இரண்டும் தாமாகவே நகர்ந்து நடுவில் வந்து நிற்பது. கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் பிள்ளைகள் மாதிரி. நகர்வது நிற்கும்வரை கை வைக்கக் கூடாது. கறுப்பை லேசாக அழுத்தினால் கழன்று வரும். புதியதன் மேல் ஒட்டியிருக்கும் நாடாவை உரிக்க வேண்டும், செப்புத் தகட்டில் விரல் படக் கூடாது. பிறகு சாய்வாக உள்ளே விட்டு மேல்நோக்கித் தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வரும்வரை எதையும் நம்பக் கூடாது.

பழையதைக் குலுக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது.

புதிய மையில் ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தேன். அம்மா ஜன்னலோரம் போய், வழக்கம்போல இடது கண்ணை இறுக்கிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாள். நுணுக்கமாகப் பார்க்க வேண்டியதை எல்லாம் அவள் அப்படித்தான் பார்ப்பாள், வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் போல.

"பரவாயில்ல" என்றாள்.

ஜூலை 9, புதன்

கணக்குத் தேர்வு. மை நன்றாக விழுகிறது.

ஜூலை 12, சனி

சனிக்கிழமைதோறும் அம்மா முடித்த பக்கங்களை நான் பஸ்ஸில் எடுத்துப் போய்ப் பதிப்பகத்தில் கொடுப்பேன். அங்கே பூபாலன் அண்ணன் அவற்றைப் பார்த்துக் கணினியில் திருத்துவார். போகும் வழியில் பக்கங்களைப் படிப்பது என் வழக்கம். புத்தகமாக வருவதற்கு முன்னமே படித்துவிட்டேன் என்று வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று 61ஆம் பக்கத்தில் 'ஊற்றுக்கண்' என்ற சொல்லில் கடைசி எழுத்தின் மேல் அம்மா சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். ஆனால் அங்கே ஏற்கெனவே கறுப்புப் புள்ளி இருந்தது. அதற்குமேல் இது. அதே பக்கத்தில் இன்னும் இரண்டு இடங்களில் அப்படி. 64ஆம் பக்கத்தில் உண்மையிலேயே உதிர்ந்த புள்ளி ஒன்று அப்படியே விடுபட்டிருந்தது.

பஸ் குலுங்கியது. நான் சரியாகப் பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

பூபாலன் அண்ணன், "வாங்க மேடம், கிணத்துல தண்ணி வந்துச்சா?" என்றார். இன்னும் முடியவில்லை, திங்கட்கிழமை தருகிறேன் என்றேன். பக்கங்கள் பைக்குள் இருந்தன.

அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "பிழைய விட்டுட்டோம்னா அது அசதின்னு நெனப்பாங்க. சரியா இருக்குறதப் போயித் திருத்துனோம்னா, அவளுக்கு ஒன்னுந் தெரியாதுன்னு நெனப்பாங்க."

வரும் வழியில் கடையில் ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன். அம்மா வைத்திருக்கும் அதே வகை.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் அம்மா தூங்கினாள். படுக்கையறைக் கதவைச் சாத்தினேன், பிரிண்டர் சத்தம் அவளை எழுப்பிவிடக் கூடாது என்று. கொஞ்சம் வேலை இருந்தது. மாலையில் நூலகத்துக்குப் போகலாம் என்றிருந்தேன், நேரமாகிவிட்டது.

ஜூலை 17, வியாழன்

கறுப்பு மை தீர்ந்துவிட்டது. இந்த முறை உண்மையாகவே.

"இப்பத்தானடி மாத்துன? அதுக்குள்ளயா?"

"நெறைய பக்கம் போகுதும்மா."

"நா என்ன அவ்வளவா எடுக்குறேன்? அந்த ஜியாவுதீன் பாய் தண்ணியக் கலந்து அடைச்சுக் குடுக்குறாரு. ஞாயித்துக்கிழம போயி நாலு வார்த்த கேக்கணும்."

பெட்டியில் இருந்த கடைசிக் கார்ட்ரிஜைப் போட்டேன். நாடாவை உரித்தபோது விரலில் மை பட்டுவிட்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. சாப்பிடும்போது இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

எழுத ஒருபக்கத் தாள் இப்போது முன்பைவிட நிறையக் கிடைக்கிறது. இந்தத் தாள்களில் எழுதும்போது பேனா அங்கங்கே சிறு மேடுகளில் ஏறி இறங்குகிறது. அரிசியில் கல் போல.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவும் நானும் ஜியாவுதீன் பாய் கடைக்குப் போனோம். காலி கார்ட்ரிஜ்களில் மறுபடி மை நிரப்பித் தருவது அவர் தொழில். அம்மா கடைப் படியில் ஏறும்போது கால் வைக்கும் இடம் தவறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பாய், இதுல என்னத்தத்தான் ஊத்துறீங்க? புள்ளியே விழுக மாட்டேங்குது."

"ஒங்க மிஷின் இங்கிலீஷுக்குச் செஞ்சது தாயி. அதுக்குப் புள்ளி வைக்கிற பழக்கம் இல்ல."

"ஐ-க்கு மட்டும் யாரு வைக்கிறா, உங்க மாமனாரா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். அவர் கடை பிரிண்டரில் எங்கள் கார்ட்ரிஜைப் போட்டு ஒரு பக்கம் அடித்துக் காட்டினார். "இந்தா பாருங்க, முத்து முத்தா விழுகுது" என்றார். அம்மா இடது கண்ணை இறுக்கிக்கொண்டு பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு, "இதுல விழுகுது" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் பார்த்த இடத்தில் எழுத்தே இல்லை, கடையின் முகவரிக்குக் கீழே இருக்கும் வெற்று ஓரம் அது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் எழுத முடியும்.

ஜூலை 23, புதன்

அம்மா கூடத்து டியூப்லைட்டை மாற்றச் சொன்னாள். மங்கிவிட்டதாம். மாடி வீட்டு அண்ணன் வந்து மாற்றினார். "நல்லாத்தானக்கா எரிஞ்சுச்சு" என்று பழையதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

புதியது கண் கூசும்படி எரிகிறது. அம்மா கிணற்றுப் புத்தகத்தை அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டுப் பார்க்கிறாள். ஒரு பக்கத்துக்கு முன்பு எடுத்த நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆகிறது. இன்று இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றாமலே அடுப்பில் வைத்துவிட்டாள். தீய்ந்த வாசனை வந்து நான்தான் ஓடினேன். "யோசனை பூரா கிணத்துல கெடக்கு. பானையில தண்ணி இருக்கும்னு நெனச்சுட்டேன்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

ஜூலை 26, சனி

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் விதி விதிதான்.

பூபாலன் அண்ணன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "அம்மாவுக்குக் கையெழுத்து மாறிருச்சோ?" என்றார்.

"இல்லையே அண்ணே."

"முன்னெல்லாம் புள்ளி வச்சா மீன்முள்ளு குத்துன மாதிரி சரக்குன்னு இருக்கும். இப்பக் கோலப்புள்ளி கெணக்கா உருட்டி உருட்டி வச்சிருக்காங்க. மார்கழி வர இன்னும் நாள் இருக்குல்ல?"

நான் பையின் ஜிப்பை மூடினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். சிவப்பும் கறுப்பும் இருந்தன. அவர் கெட்டவர் அல்ல. ஆனால் நான் வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவுக்கு போன் செய்துவிட்டார்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். புதிய டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"நா திருத்துன பக்கத்த நீ மறுபடி பிரிண்ட் எடுத்தியா?"

"தண்ணி பட்டுருச்சும்மா, அதான்."

"எல்லாப் பக்கத்துலயுமா?"

நான் தரையைப் பார்த்தேன். சதுரக் கற்களில் ஒன்றின் மூலை உடைந்திருக்கிறது. அதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன்.

"புள்ளி இருந்த எடத்துல நான் புள்ளி வச்சேனா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அப்பப் பாரு, சரியாத்தான சொன்னேன்? மொதத் தடவ எடுக்கயில புள்ளி விழுகல, நா வச்சேன். நீ ரெண்டாந் தடவ எடுக்கயில விழுந்துருச்சு. மிஷின் ஒரு நேரம் போல ஒரு நேரம் இல்ல. நாளைக்கே அதப் பரிசோதன பண்ணிப் பாத்துருவோம்" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

மை சரியாக விழுகிறதா என்று பார்க்க பிரிண்டரிலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் மெல்லிய கோடுகளால் கட்டம் கட்டமாக ஒரு பக்கம் அச்சாகும். மை அடைத்திருந்தால் அந்தக் கோடு நடுவில் அறுந்திருக்கும். காலையில் அதை எடுத்தேன். கட்டங்கள் முழுதாக இருந்தன. ஒரு கோடும் அறவில்லை.

அம்மா வாங்கிப் பார்த்தாள். இடது கண்ணை இறுக்கினாள்.

"பாத்தியா, நான் சொல்லல? இங்கன அறுந்து கெடக்கு. சுத்தி இருக்குற கோடெல்லாம் நெளிஞ்சு போயிருக்கு." சிவப்புப் பேனாவால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கமாக, ஐந்து ரூபாய் நாணய அளவில்.

அந்த வட்டத்துக்குள் எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன.

நான் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் இரவு முழுவதும் நினைத்திருந்தேன். ஆனால் என் கை தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பி மறுபடியும் அவளிடம் கொடுத்தது.

"திரும்பவும் பாரும்மா. எங்க அறுந்திருக்கு?"

"எத்தன தடவடி..." என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கமாக மறுபடியும் ஒரு வட்டம் போட்டாள். பேனாவை எடுத்த பிறகுதான், தாளின் இடது பக்கத்தில் இன்னொரு வட்டம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அது அவளே சற்றுமுன் போட்டது. தாள் திரும்பியபோது அந்த வட்டமும் கூடத் திரும்பியிருந்தது. அறுந்த இடம் மட்டும் திரும்பவில்லை. அவளுக்கு வலப்பக்கத்திலேயே நின்றது.

அம்மா முட்டாள் அல்ல. இந்த ஊரில் அவளைப்போல ஒற்றுப் பிழை பார்க்க ஆள் கிடையாது என்று பதிப்பக ஐயாவே சொல்லியிருக்கிறார். இரண்டு வட்டங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, எனக்கு நினைவு தெரிந்து முதல்முறையாக, வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள்.

தெருவில் கோலமாவு விற்கிறவர் கூவிக்கொண்டு போனார். அவர் சத்தம் மறையும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"ஒன்னும் அறுகலடி" என்றாள்.

தாளை பிரிண்டரின் மேல் வைத்தாள். அதன் மூடியை முந்தானையால் துடைத்தாள். அதைப் போய் இத்தனை நாள் திட்டிவிட்டோமே என்பது போல.

ஜூலை 28, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரவைத்து, மறுபடி விட்டு, மதியத்துக்குமேல்தான் டாக்டர் பார்த்தார். அம்மாவின் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு.

"சுகர் எத்தனை வருஷமா?"

"ஒம்பது வருஷம்."

"கடைசியா எப்பக் கண்ணு செக்கப் பண்ணீங்க?"

அம்மா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"சரி, இந்தப் பார்வைக் கோளாறு எவ்ளோ நாளா?"

"ஒரு வாரமா இருக்கும் டாக்டர்."

"இல்ல" என்றேன். என் குரல் அந்த அறைக்குப் பெரிதாகக் கேட்டது. "ஜூலை பன்னெண்டாந்தேதியிலேருந்து எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். மருந்தினால் அவள் கண்மணிகள் விரிந்து கன்னங்கரேலென்று இருந்தன. அவளால் என் முகத்தைப் பார்க்க முடிந்திருக்காது.

டாக்டர் சொன்னது: சர்க்கரையினால் கண்ணுக்குள் நீர் கோத்திருக்கிறது. வலது கண்ணில் அதிகம், பார்வையின் நடுப்பகுதியில். ஊசி போட வேண்டும், கண்ணிலேயே. ஒன்றோடு நிற்காது, மாதாமாதம் வர வேண்டும். போனதில் கொஞ்சம் திரும்பலாம், முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

"முன்னாடியே வந்திருந்தா நல்லாயிருந்திருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வருஷா வருஷம் வந்திருக்கணும். பெரிய தாமதம் அதுதான். ஆனா இந்த ரெண்டு வாரமும் ஒன்னுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன்மா."

உண்மையைச் சொன்னார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. வெளியே வந்ததும் பிடிக்காமல் போயிற்று.

பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்தாள். கண் கூசாமல் இருக்க முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டிருந்தாள்.

"நா தப்பா வச்சேன்னு எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"ஒம் பேரு புத்தகத்துல வரணும்ல?"

எங்கள் நிறுத்தம் வந்தது. இறங்கும்போது என் கையைப் பிடித்தாள். படி தெரியாமல் பிடித்தாளா, வேறு எதற்காகவாவது பிடித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஊசி போட்டார்கள். அப்பா ஓசூரிலிருந்து வந்திருந்தார். அம்மா வலிக்கவில்லை என்று சொன்னாள். அப்பாவின் சட்டைக் கையில் அவள் பிடித்த இடம் கசங்கியிருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பா கிளம்பிப் போன பிறகு அம்மா பதிப்பகத்துக்கு போன் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் வைத்தேன். பூபாலன் அண்ணன் எடுத்தார்.

"அக்கா, எப்படி இருக்கீங்க? ஐயா தெனமும் கேக்குறாரு. ஒடம்பப் பாருங்க, புத்தகத்த மெதுவாப் பாத்துக்கலாம்."

"பூபாலா, நா சொல்றத ஐயாகிட்ட அப்படியே சொல்லு. அறுபதாம் பக்கத்துக்கு மேல நா பாத்ததாக் குடுத்தது எதையும் நம்ப வேணாம். எங் கண்ணு சரியில்ல. அதெல்லாம் எம் பொண்ணு பாத்தது. நல்லாத்தான் பாத்திருப்பா, ஆனா அவ படிக்கிற பிள்ள. மொதல்லேருந்து மறுபடி பாத்துத் தாரேன், ஒரு மாசம் டயம் குடுங்க. குடுக்க முடியாதுன்னா வேற ஆளுகிட்டக் குடுத்துருங்க, நா ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

"அக்கா, என்னக்கா பேசுறீங்க..."

"இன்னொன்னு. எம் பேரப் போட வேணாம்."

பூபாலன் அண்ணன் எப்போதும் ஏதாவது கிண்டல் செய்வார். இன்று அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு என்று எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஐயா ஒரு மாதத் தவணை கொடுத்துவிட்டார். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

முதல் பக்கத்திலிருந்து மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது கறுப்பு தீர்ந்தது. நான் மூடியைத் திறந்தேன்.

"தள்ளு. எனக்குச் சொல்லிக் குடு. நானே மாத்துறேன்."

"ஒனக்கு எதுக்கும்மா?"

"நீ பள்ளிக்கூடம் போயிட்டா யாரு மாத்துவா? கண்ண மூடிக்கிட்டுச் செய்யுறேன், சரியான்னு மட்டும் பாரு."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். மைப்பெட்டிகள் நடுவில் வந்து நிற்கும் சத்தத்தைக் கேட்டாள். விரலால் தடவி, "இது கலரு, இது கறுப்பு" என்றாள். சரிதான். கறுப்பை அழுத்திக் கழற்றினாள். புதியதன் நாடாவை நகத்தால் உரித்தாள். செப்புத் தகட்டில் விரல் பட்டுவிடுமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படவில்லை. சாய்த்து உள்ளே விட்டாள், தள்ளினாள், சத்தம் வரவில்லை. எடுத்தாள். மறுபடி தள்ளினாள்.

டக்.

"இவ்வளவுதானா?" என்றாள். கண்ணைத் திறக்காமலேயே சிரித்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இப்படித்தான் வேலை நடக்கிறது. நான் உரக்கப் படிக்கிறேன், அம்மா கேட்கிறாள். தாளில் இருப்பதை இருப்பது போலவே படிக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் இல்லாமலே படிக்க வேண்டும், அறிவைப் போட்டுத் திருத்திப் படிக்கக் கூடாது. அதுதான் கடினம். 'மண சுவர்' என்று படித்தால் அம்மா கையைத் தூக்குகிறாள். நான் புள்ளி வைக்கிறேன். 'கிணற்று கரை' என்றால் அவள் முகம் சுளிக்கிறது. "நடுவுல ஒத்து எங்கடி? காதுல இடிக்கல?" இடிக்கிறது. இதற்குமுன் எனக்கு இடித்ததில்லை.

இன்று அறுபதாம் பக்கத்தைத் தாண்டினோம். என் பங்கில் தப்பிவிட்டதையும் அவள் காது பிடித்தது. நான் திருத்தித் திருத்தி எழுதிக் கொடுத்த பக்கங்களில் பக்கத்துக்கு ஒன்றாவது இருந்தது. நான் நன்றாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

சாப்பிட்டு முடித்ததும் அம்மா கேட்டாள். "நான் திருத்துன பழைய பக்கமெல்லாம் எங்க? தூக்கிப் போட்டுட்டியா?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு."

"எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். கட்டு கனமாக இருந்தது. நான் நின்றுகொண்டேயிருந்தேன், ஏனென்றால் அதில் நான் இதை எழுதிவரும் தாள்களும் இருந்தன.

"லைட்ட அணை. கண்ணு கூசுது."

"அணைச்சா எப்படிம்மா பாப்ப?"

"பாக்கவா போறேன்?"

கூடத்து விளக்கை அணைத்தேன். பிரிண்டரின் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அம்மா ஒரு தாளை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பி, மடியில் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். பிறகு ஒரு விரலை மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தினாள். அவளுடைய பேனா அழுத்திய புள்ளிகள் ஒவ்வொன்றும் பின்பக்கத்தில் மேடாக இருக்கும். என் பேனா இத்தனை நாளும் ஏறி இறங்கியவை.

"இது ஒன்னு" என்றாள். "இது ஒன்னு. இது…"

எல்லாமே தப்பாக வைத்தவை அல்ல, சரியாக வைத்தவையும் அதில் உண்டு என்று சொன்னேன்.

"எது எதுன்னு கைக்குத் தெரியலயே" என்றாள். விரல் நகர்ந்துகொண்டேயிருந்தது. மூன்று தாள் முடிந்தது. நான்காவதில் நின்றது.

"மை வாசம் அடிக்குது. பின்னாடி எழுதியிருக்கியா?"

"ஆமாம்மா."

"என்ன எழுதியிருக்க?"

"நடந்தத."

"விடாம எழுதியிருக்கியா?"

இருட்டில் பொய் சொல்வது சுலபம் என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படி ஒன்றும் சுலபமில்லை.

"இல்லம்மா. கொஞ்சம் விட்டுட்டேன்."

அம்மா தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினாள். அவள் எந்தக் கட்டையும் அப்படித்தான் சமமாக்குவாள்.

"அப்ப நாளைக்கு இதப் படிச்சுக் காட்டு. இருக்குறத இருக்குற மாதிரி படி. விட்ட எடத்துல கையத் தூக்குறேன்."

பிறகு படுக்கப் போனாள். பிரிண்டரை நான் அணைத்தேன். பச்சை விளக்கும் போயிற்று. இதை மட்டும் சமையலறை விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளேயிருந்து அம்மா, "அணைச்சாச்சா?" என்று கேட்கிறாள்.

அணைத்துவிட்டேன். இந்த வரி இருட்டில் எழுதுவது. புள்ளிகள் அந்தந்த எழுத்தின் தலையில்தான் விழுந்தனவா என்று நாளைக்குத்தான் பார்க்க வேண்டும்.